ஒரே மூச்சில் 80 கிலோமீட்டர்: காருக்கு முன்னால் சைக்கிளை வைத்த செவீயா

எந்த நகரத்தின் போக்குவரத்துத் திட்டப் பட்டியலை எடுத்தாலும் அதில் மேம்பாலம் இருக்கும், சாலை அகலப்படுத்தல் இருக்கும், நடைபாதையும் சைக்கிள் பாதையும்கூட இருக்கும். நடைபாதை வேண்டாம் என்று எந்த மேயரும் சொல்வதில்லை. பட்டியலின் கடைசியில் எழுதி வைக்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய வேலைகள் போக மிச்சம் இருக்கும் பணத்தில் செய்துகொள்ளலாம் என்பார்கள். மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால் ஒரு நகரம் நடப்பவரையும் சைக்கிள் ஓட்டுபவரையும் மதிக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அந்தப் பட்டியலின் முதல் வரியைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

முதல் வரியை மாற்றி எழுதிய ஒரு நகரத்தைப் பற்றியது இந்த ஆய்வு. ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியா மாநிலத்தின் தலைநகரம் செவீயா. கால்பந்து பார்ப்பவர்களுக்கு செவில்லா என்ற பெயரில் தெரிந்திருக்கும். சுமார் 7 லட்சம் பேர் வாழும் ஊர். 2006 வாக்கில் அங்கே நடந்த பயணங்களில் சைக்கிளின் பங்கு 0.5 சதவீதம் அளவில்தான் இருந்தது. நாளொன்றுக்கு 6,000 சொச்சம் சைக்கிள் பயணங்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது 70,000ஐத் தாண்டியது, பங்கு 6 சதவீதத்தைத் தொட்டது. நெதர்லாந்தில் இதெல்லாம் பெரிய எண்ணே இல்லை. ஆனால் கிட்டத்தட்ட பூஜ்யத்திலிருந்து, இவ்வளவு குறைந்த காலத்தில், இவ்வளவு குறைந்த செலவில் இந்த அளவுக்கு ஏறிய ஊர்கள் மிகக் குறைவு. எப்படி ஏறியது, எங்கே சறுக்கியது என்று இரண்டையும் பார்க்கலாம்.

பாதிக் கிணறு தாண்டிய காலம்

செவீயாவைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலில் சொல்வது, "அது சமதளமான ஊர், அங்கே சைக்கிள் ஓட்டுவது சுலபம்" என்பது. உண்மைதான். குவாதல்கிவிர் ஆற்றின் சமவெளியில் இருக்கும் ஊர், மேடு பள்ளம் இல்லை. ஆனால் சமதளம் 2006இல் வந்ததல்ல. நகரம் தோன்றிய நாளிலிருந்து தரை அப்படித்தான் இருக்கிறது, இருந்தும் யாரும் ஓட்டவில்லை. அதே ஊரில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமதளத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் வெயிலை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

மக்கள் ஓட்டாததற்குக் காரணம் சாலைகள். 1992இல் உலகக் கண்காட்சி செவீயாவில் நடந்தது. அதையொட்டி ஆற்றின் மேல் புதிய பாலங்கள் வந்தன, சுற்றுச்சாலை வந்தது, அகலமான பெருஞ்சாலைகள் வந்தன. வெளிப்புறக் குடியிருப்புகளிலிருந்து காரில் வருவது எளிதானது. நகரத்தின் நடுவிலோ, ஐரோப்பாவின் பெரிய பழைய நகரப் பகுதிகளில் ஒன்று, குறுகிய சந்துகளோடு அப்படியே இருந்தது. வெளியே அகலப்படுத்திய சாலை கொண்டுவந்து கொட்டிய கார்கள், உள்ளே நிற்க இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தன.

சைக்கிள் பாதை அப்போதும் இல்லாமல் இல்லை. மொத்தம் 12 கிலோமீட்டர் அளவுக்கு இருந்தது. ஆனால் துண்டு துண்டாக. இங்கே ஒரு துண்டு, மூன்று தெரு தள்ளி இன்னொரு துண்டு. ஒரு துண்டு பாதை முடிகிற இடம் பெரும்பாலும் சந்திப்பு, அதாவது சைக்கிள்காரருக்கு மிக ஆபத்தான இடம். பாதுகாப்பாகக் கூட்டிவந்து, நடு ரோட்டில் கையை விட்டுவிடுவது போல. பத்து நிமிடப் பயணத்தில் ஒன்பது நிமிடம் பத்திரமாகவும் ஒரு நிமிடம் லாரியின் பக்கத்திலும் போக வேண்டும் என்றால், தாய் தன் பிள்ளையை அனுப்பமாட்டாள். அந்த ஒரு நிமிடம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. அப்புறம் நடந்ததும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்: யாரும் ஓட்டவில்லை, யாரும் ஓட்டாததால் "பாருங்கள், இங்கே சைக்கிளுக்குத் தேவை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பாதிக் கிணறு தாண்டி விழுந்தவனைக் காட்டி, கிணறு தாண்டவே முடியாது என்று முடிவு கட்டியது போலத்தான் இது.

இந்த வாதத்தை ஏற்காத ஒரு கூட்டம் ஊரில் இருந்தது. 1987இல் தொடங்கிய 'ஆ கோந்த்ராமானோ' என்ற சைக்கிள் ஓட்டுநர் சங்கம். எதிர்த்திசையில் போவது என்று அந்தப் பெயருக்குப் பொருள். செவீயா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ரிக்கார்தோ மார்க்கேஸ் அதன் முக்கிய முகங்களில் ஒருவர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர்கள் ஒரே கோரிக்கையைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள்: துண்டுகள் வேண்டாம், ஒன்றோடு ஒன்று இணைந்த பாதைகள் வேண்டும்.

சிறிய கட்சி, பெரிய பிடி

2003 மாநகராட்சித் தேர்தலில் சோசலிஸ்ட் கட்சியின் அல்ஃபிரேதோ சான்செஸ் மொந்தெசெயிரினுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 'இஸ்கியெர்தா உனிதா' என்ற இடதுசாரிக் கட்சியைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தார். இடங்களின் எண்ணிக்கையில் அது சிறிய கட்சி. ஆனால் அது இல்லாமல் ஆட்சி இல்லை. சைக்கிள் பாதைகள் அந்தக் கட்சி கூட்டணியில் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

அதே காலத்தில் மக்கள் பங்கேற்கும் பட்ஜெட் முறையையும் செவீயா கொண்டுவந்தது. பகுதிவாரியாகக் கூட்டம் போட்டு, எந்த வேலைக்குப் பணம் ஒதுக்கலாம் என்று மக்களையே கேட்கும் முறை. அந்தக் கூட்டங்களில் சைக்கிள் பாதை மறுபடி மறுபடி மேலே வந்தது. 2006 வாக்கில் எடுத்த கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் சைக்கிள் பாதைகளுக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

அந்த 90 சதவீதத்தை நான் அப்படியே நம்பிவிட மாட்டேன். "சைக்கிள் பாதை வேண்டுமா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். "உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் கார் நிறுத்தும் இடத்தில் வரட்டுமா?" என்று கேட்டால் பதில் வேறு. ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. பின்னால் எதிர்ப்பு கிளம்பியபோது, "இதை யாரும் கேட்கவில்லையே" என்று சொல்ல முடியாமல் போனது. கேட்டதற்கான ஆதாரம் மாநகராட்சியின் கையிலேயே இருந்தது.

வடிவமைப்பில் எடுத்த மூன்று முடிவுகள்

திட்டத்தை வடிவமைக்கும் பொறுப்பில் இருந்தவர் மனுவேல் கால்வோ. அவரும் அவருடைய குழுவும் எடுத்த முதல் முடிவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைக்கிறேன்: ஒரு தெருவில் பரிசோதித்துப் பார்ப்போம், பிறகு விரிவாக்குவோம் என்ற வழியை அவர்கள் எடுக்கவில்லை. குடியிருப்புகள், பல்கலைக்கழக வளாகங்கள், மருத்துவமனைகள், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாவற்றையும் இணைக்கும் முதன்மைத் தடங்களை வரைந்து, அந்த 80 கிலோமீட்டரையும் சேர்த்துக் கட்ட முடிவு செய்தார்கள். 2006, 2007 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குள் அதன் பெரும்பகுதி முடிந்தது.

முன்னோடித் திட்டம் என்று ஒரே ஒரு தெருவை எடுத்துச் செய்வது பாதுகாப்பான வழி போலத் தோன்றும். நடைபாதைக்கு ஓரளவு அது சரிவரும். கடைத்தெரு ஒன்றில் மட்டும் நல்ல நடைபாதை போட்டாலும் அங்கே வந்தவர்கள் அதன் பலனை உடனே அனுபவிப்பார்கள். சைக்கிளுக்கு அது பொருந்தாது. சைக்கிள் பயணம் மூன்று, நான்கு கிலோமீட்டர் நீளம் கொண்டது. வீட்டிலிருந்து வேலை இடம் வரை முழுக்க இணைந்திருந்தால்தான் ஒருவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுப்பார். ஒரு கிலோமீட்டர் போட்டு எண்ணிப் பார்த்தால் தோல்விதான் தெரியும். அந்தத் தோல்வியைக் காட்டித் திட்டத்தை மூடுவார்கள்.

இரண்டாவது முடிவு, பாதையை எங்கிருந்து எடுப்பது என்பது. சாலையோரம் நீளவாக்கில் கார் நிறுத்தும் பட்டையின் அகலம் இரண்டேகால், இரண்டரை மீட்டர் வரும். அருகருகே எதிரெதிராக இரண்டு சைக்கிள் போக வேண்டிய பாதைக்கும் ஏறக்குறைய அதே அகலம் போதும். இந்தப் பொருத்தத்தைத்தான் செவீயா பயன்படுத்திக்கொண்டது. நிற்கும் கார்களை எடுத்துவிட்டு, அந்தப் பட்டையை நடைபாதையின் உயரத்துக்கு ஏற்றி, பச்சை நிறம் பூசி, இருவழிச் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். ஓடும் கார்களுக்கான லேன் பல இடங்களில் அப்படியே இருந்தது. 5,000 பார்க்கிங் இடங்கள் போயின.

சாலையின் ஒரே பக்கத்தில் இருவழிப் பாதை போடுவதில் ஒரு குறை உண்டு. சந்திப்பில் திரும்பும் கார் ஓட்டுநர் ஒரு பக்கம் பார்த்துப் பழகியவர். எதிர்ப்பக்கத்திலிருந்தும் சைக்கிள் வரும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. அதனால் சைக்கிள் பாதை வடிவமைப்பில் தேர்ந்த நாடுகள் முடிந்தவரை பக்கத்துக்கு ஒன்றாக ஒருவழிப் பாதைகளையே விரும்புகின்றன. செவீயா இருவழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இடமும் வேகமும். இரண்டு பக்கமும் தோண்ட வேண்டாம், ஒரு பக்கம் பார்க்கிங்கை விட்டுவைக்கலாம், பாதி நேரத்தில் முடிக்கலாம். சிறந்த வடிவத்துக்காகக் காத்திருந்து இன்னும் பத்தாண்டு போவதைவிட, போதுமான வடிவத்தை ஊர் முழுக்கப் போட்டுவிடுவோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மூன்றாவது முடிவு பலருக்குச் சின்னதாகத் தெரியலாம்: எல்லா இடத்திலும் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே அமைப்பு. வெறும் வெள்ளைக் கோடு போட்ட பாதையில் பத்து நிமிடத்தில் ஒரு வேன் வந்து நின்றுவிடும். உயர்த்திக் கட்டிய விளிம்புக் கல் நின்றால் வேன் ஏறாது. போலீஸ்காரர் காவல் இருக்க வேண்டியதில்லை, கல்லே காவல்.

வேலி எடுத்த நாள்

எதிர்ப்பு வராமல் இல்லை. கடைக்காரர்கள் பயந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள். 2007 மே மாதம் உள்ளாட்சித் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ஊரின் பல பக்கங்களிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்ததால், எதிர்ப்பு திரள்வதற்குள் பெரும்பகுதி கட்டி முடிந்துவிட்டது. வருடத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கட்டியிருந்தால், ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாக ஒரு போராட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு சமரசம் என்று போய், கடைசியில் மறுபடி அந்த 12 கிலோமீட்டர் துண்டுகள்தான் மிஞ்சியிருக்கும்.

கால்வோ பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். கட்டுமானக் குழுவின் தலைவருக்கு இந்தத் திட்டத்தில் நம்பிக்கையே இல்லையாம். வேலை முடிந்து தடுப்பு வேலிகளை எடுத்ததும் அவரே கால்வோவுக்குப் போன் செய்து, இத்தனை சைக்கிள்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டாராம். அவர்கள் அந்த ஊரிலேயேதான் இருந்தார்கள். பல வீடுகளின் மாடிப்படிக்குக் கீழே சைக்கிளும் இருந்திருக்கும். போக வழி மட்டும்தான் இல்லாமல் இருந்தது.

சைக்கிள் இல்லாதவர்களுக்கு 2007 ஜூலையில் 'செவிசி' என்ற வாடகைச் சைக்கிள் திட்டம் வந்தது. 250 நிலையங்கள், 2,500 சைக்கிள்கள். பாதை வந்த அதே ஆண்டில் இதுவும் வந்தது பெரிய உதவி. பல நகரங்கள் பாதை இல்லாமல் வாடகைச் சைக்கிளை மட்டும் கொண்டுவந்து நிறுத்தி, அது துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. புறநகர்ப் பேருந்தில் வந்து இறங்குபவர்களுக்கு பிளாசா தெ ஆர்மாஸ் பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் ஏற்பாடும் 2006இல் தொடங்கியிருந்தது.

நடப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு கான்ஸ்டிட்யூசியோன் அவென்யூ. கதீட்ரலை ஒட்டிப் போகும் அந்தச் சாலையில் முன்பு பேருந்தும் காரும் புகையோடு நெருக்கியடித்துப் போகும். 2007இல் வாகனங்களை எடுத்துவிட்டு, நடுவே டிராம் மட்டும் போக, மற்றதெல்லாம் நடப்பவர்களுக்கு என்று ஆக்கினார்கள்.

எண்கள் சொல்வது

2010 அளவில் பாதைகளின் மொத்த நீளம் 120 கிலோமீட்டர் ஆனது. தினசரிப் பயணங்கள் 2011இல் உச்சம் தொட்டன. அதே ஆண்டு 'வெலோ-சிட்டி' என்ற உலக சைக்கிள் மாநாடு செவீயாவில் நடந்தது. சைக்கிளுக்கு ஏற்ற நகரங்களை வரிசைப்படுத்தும் கோபன்ஹேகனைஸ் தரவரிசையில், 2013இல் செவீயாவுக்கு உலகில் நான்காம் இடம்.

ஓட்டுபவர்கள் பல மடங்கு கூடினால் விபத்தும் கூடும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். ரிக்கார்தோ மார்க்கேஸும் இன்னோர் ஆய்வாளரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, பாதை வலைப்பின்னல் வந்தபின் சைக்கிள் ஓட்டுவதன் அபாயம் கணிசமாகக் குறைந்ததைக் காட்டுகிறது. அவர் இந்த இயக்கத்தின் ஆள் என்பதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்தான். ஆனால் ஓட்டுபவர் எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொருவருக்குமான அபாயம் குறைவதை மற்ற நாட்டு ஆய்வுகளும் முன்பே கண்டிருக்கின்றன.

இனி செலவு. சைக்கிள் பாதை வலைப்பின்னலுக்கு ஆனது 3.2 கோடி யூரோ. அந்தப் பணத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் நெடுஞ்சாலை போடலாம் என்று கால்வோ ஒப்பிட்டுச் சொன்னார். இன்னோர் ஒப்பீடும் செய்தார்: 80 கோடி யூரோ செலவான மெட்ரோ வழித்தடத்தில் நாளொன்றுக்கு 44,000 பயணங்கள், 3.2 கோடி செலவான சைக்கிள் பாதைகளில் 70,000. மெட்ரோவை இப்படி எடை போடுவது முழு நியாயமில்லை என்பது என் கருத்து. மெட்ரோவில் வருபவர் தூரத்துப் புறநகரிலிருந்து வருகிறார், முதியவர் வருகிறார், மழையிலும் வருகிறார். ஆனால் செலவின் வரிசை பற்றிய கேள்வியை அந்த ஒப்பீடு சரியாகவே எழுப்புகிறது. பட்டியலில் மிக மலிவான வேலை மிக அதிகம் பேரைச் சுமக்கிறது என்றால், அதை எதற்காகக் கடைசியில் வைக்க வேண்டும்?

எந்த அளவுகோலால் அளக்கிறோம்

பதில், பெரும்பாலும் அளவுகோலில் இருக்கிறது. ஒரு சாலை நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, உலகின் பல பகுதிகளில் பொறியாளர்கள் கார் எவ்வளவு தாமதமாகிறது என்பதைத்தான் அளக்கிறார்கள். ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் போடும் முறை அமெரிக்க நெடுஞ்சாலைக் கையேட்டின் 1965 பதிப்பில் வந்தது. அந்த மதிப்பெண்ணில் கார் நிற்காமல் போனால் ஏ. குழந்தை சாலையைக் கடக்க மூன்று நிமிடம் நின்றாலும் மதிப்பெண் குறையாது. இப்படி அளந்தால் சாலை அகலப்படுத்தல் எப்போதும் முதலில்தான் வரும், சைக்கிள் பாதை எப்போதும் "நெரிசலைக் கூட்டும் திட்டம்" ஆகிவிடும்.

கார்களுக்குப் பதிலாக ஆட்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகும். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பான நாக்டோ தரும் கணக்கில், 10 அடி அகலமுள்ள ஒரு லேனில் மற்ற வாகனங்களோடு கலந்து போகும் கார்கள் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கடத்துகின்றன. அதே அகலத்தில் தடுப்புள்ள இருவழிச் சைக்கிள் பாதை 7,500 பேரைக் கடத்தும். நடைபாதை என்றால் 9,000 பேர். கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், அதே அகலத்தில் மிகக் குறைவாகக் கடத்துவது காருக்குக் கொடுத்த லேன்தான்.

அகலப்படுத்தினால் நெரிசல் குறையுமே என்பது அடுத்த வாதம். கொஞ்ச நாள் குறையும். சாலை காலியாகத் தெரிந்ததும், முன்பு வெளியே கிளம்பாதவர் கிளம்புகிறார், பேருந்தில் போனவர் காருக்கு மாறுகிறார், இன்னும் தூரத்தில் வீடு வாங்குகிறார். தூரந்தோன், டர்னர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2011இல் அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, சாலை எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்று காட்டினார்கள். ஹூஸ்டனின் கேட்டி நெடுஞ்சாலையை 280 கோடி டாலர் செலவில் 2008இல் அகலப்படுத்தினார்கள். மிக அகலமான இடத்தில் 26 லேன். சில ஆண்டுகளிலேயே நெரிசல் நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்மை, அதைத்தான் மக்கள் நம்ப மறுக்கிறார்கள். காருக்கான இடத்தைக் குறைத்தால் அந்தக் கார்கள் எல்லாம் அடுத்த தெருவில் வந்து குவிவதில்லை. கேர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் மூவரும் 11 நாடுகளில் 70 இடங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில், சுற்றுவட்டாரச் சாலைகளையும் சேர்த்துப் பார்த்தபோது பாதி இடங்களில் 11 சதவீதமோ அதற்கு மேலோ போக்குவரத்து குறைந்தே போயிருந்தது. மக்கள் நேரத்தை மாற்றுகிறார்கள், வழியை மாற்றுகிறார்கள், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், சிலர் நடக்கிறார்கள்.

அளவுகோலைச் சட்டத்தாலும் மாற்றலாம். கலிஃபோர்னியா 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கார் தாமதத்தை அளப்பதைக் கைவிட வழி செய்தது. 2020 ஜூலை முதல் அங்கே ஒரு திட்டம் எவ்வளவு கூடுதல் கார் ஓட்டத்தை உண்டாக்கும் என்பதை அளக்க வேண்டும். அதே சைக்கிள் பாதை பழைய அளவுகோலில் குற்றவாளி, புதியதில் தீர்வு. செவீயாவில் சட்டம் எதுவும் மாறவில்லை. கூட்டணிக் கணக்கு மாறியது, அது போதுமானதாக இருந்தது. ஆனால் கூட்டணியை நம்பி வைத்த முன்னுரிமை கூட்டணியோடு போய்விடும் என்பதும் அங்கேயே தெரிந்தது.

2011க்குப் பிறகு

2011 தேர்தலில் வலதுசாரி மக்கள் கட்சியின் ஹுவான் இக்னாசியோ சொய்தோ 33 இடங்களில் 20ஐப் பிடித்து மேயரானார். முந்தைய ஆட்சி கடைசியில் கொண்டுவந்த ஒரு விதி, பழைய நகரத்துக்குள் வெளியார் கார் நுழைவதைக் கட்டுப்படுத்தியது. புதிய ஆட்சி வந்த வேகத்தில் அதை ரத்து செய்தது. சைக்கிள் பாதை விரிவாக்கம் ஏறக்குறைய நின்றது. சைக்கிள் பயணங்கள் உச்சத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கின. ஸ்பெயின் அப்போது கடும் பொருளாதார நெருக்கடியிலும் வேலையின்மையிலும் இருந்தது. வேலைக்கே போகாதவர் சைக்கிளிலும் போகமாட்டார். அதனால் சரிவு முழுவதையும் ஆட்சியின் தலையில் கட்டிவிட முடியாது. இருந்தாலும் பராமரிப்பும் விரிவாக்கமும் நின்றால் என்ன ஆகும் என்பது தெரிந்தது: 2015 தரவரிசையில் செவீயா பத்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, எது போயிற்று, எது நின்றது என்பது. காகிதத்தில் இருந்த கார் கட்டுப்பாடு ஒரே கையெழுத்தில் போயிற்று. கல்லில் கட்டிய 120 கிலோமீட்டரை யாராலும் எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டுமானால் செலவு செய்து தோண்ட வேண்டும், அதைவிட, தினமும் அதில் போகும் பல்லாயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். 2007 தேர்தலுக்கு முன் அவசரமாகக் கட்டியதை அன்று பலர் குறை சொன்னார்கள். அந்த அவசரம்தான் 2011இல் பாதைகளைக் காப்பாற்றியது. 2015இல் ஆட்சி மறுபடி சோசலிஸ்ட் கட்சிக்கு, ஹுவான் எஸ்பதாஸுக்கு வந்தது. சைக்கிள் திட்டம் மறுபடி கையில் எடுக்கப்பட்டது.

நடப்பவர் கொடுத்த இடம்

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளவாக்கில் நிற்கும் காருக்கு ஐந்து மீட்டர் என்று வைத்தால், 5,000 பார்க்கிங் இடங்களின் மொத்த நீளம் 25 கிலோமீட்டர்தான் வருகிறது. முதலில் கட்டியதோ 80 கிலோமீட்டர். அப்படியானால் மிச்ச இடம் எங்கிருந்து வந்தது? சில இடங்களில் அகலமான சாலைகளின் ஓரத்திலிருந்து, சில இடங்களில் நடுத்திட்டிலிருந்து. கணிசமான பகுதி நடைபாதையிலிருந்து.

செவீயாவைப் புகழ்பவர்கள் பொதுவாக இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். பாதை நடைபாதையின் மட்டத்திலேயே இருப்பதால் பச்சை நிறம் மட்டும்தான் பல இடங்களில் எல்லை. பேருந்து நிறுத்தத்தில் இறங்குபவர் நேராகப் பச்சையில் கால் வைக்கிறார். பார்வையற்றவருக்கு நிறம் எல்லையே ஆகாது. குழந்தை நிறம் பார்த்து ஓடாது. சத்தமில்லாமல் பின்னால் வரும் சைக்கிள், காது மந்தமான முதியவரை நடுங்க வைக்கும். சைக்கிளுக்கும் கஷ்டம்தான். இரண்டரை மீட்டரில் எதிரே சைக்கிள் வர, பக்கத்தில் ஆள் நடக்க, முந்திச் செல்ல இடமிருக்காது.

காரிடமிருந்து எடுப்பது கடினம் என்ற இடத்தில், எதிர்க்கக் குரல் இல்லாத நடப்பவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நடப்பதும் சைக்கிளும் ஒரே பக்கம் என்று பேசிக்கொண்டே, திட்டம் தரையில் இறங்கும்போது இரண்டையும் ஒரே குறுகிய பட்டையில் தள்ளி மோதவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. முன்னுரிமை வரிசையில் சைக்கிள் காருக்கு முன்னால் வந்தால் போதாது, நடப்பவர் சைக்கிளுக்கும் முன்னால் இருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்யும் வழியும் தெரிந்ததுதான். ஒரு சாலையை அடுத்தமுறை பராமரிப்புக்காகத் தோண்டும்போது பச்சைப் பட்டையைக் கீழே இறக்கி, சாலை மட்டத்துக்கும் நடைபாதை மட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் விளிம்புக் கல்லோடு அமைக்கலாம். பேருந்து நிறுத்தங்களில் பாதையை நிழற்குடைக்குப் பின்னால் வளைத்துக் கொண்டுபோகலாம். அதற்கு இன்னும் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வேண்டும். 2006இல் பார்க்கிங்கை எடுத்தும், ஓடும் கார்களின் லேனைப் பல இடங்களில் தொடாமல் விட்டார்கள். அந்த ஒன்றரை மீட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது.